ஸ்காட்லாந்துக்குத் துக்கம் கேட்ட ஒன்பது பேர்

2014 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. சோஹார். காலையில் போர்வையும் இரண்டு தலையணை உறையும் துவைத்துப் போட்டேன். மீசைக்குச் சாயம் பூசினேன். இடது பக்கம் சற்று அதிகமாகிவிட்டது. ஊருக்குப் போன் பேசினேன். கிணற்று மோட்டார் மறுபடியும் ரிப்பேர் என்றாள் மனைவி. மதியம் மெஸ்ஸில் பிரியாணி, கறி குறைவு. மாலை ஸ்காட்லாந்துக்குத் துக்கம் கேட்கப் போனோம்.

என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் இருக்கிறது. கடைசி வரிக்கு விளக்கம் எழுத இடம் இல்லை. இப்போது எழுதக் காரணம் செல்வம். எங்கள் பழைய யார்டு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் ஒரு படம் போட்டிருந்தான். ஸ்காட்லாந்தில் தனிநாடு கேட்பவர்கள் மழையில் நனைந்துகொண்டு கொடியோடு ஊர்வலம் போகிறார்கள். கீழே, "இவங்க இன்னும் விடலையாண்ணே? நாமதான் அன்னைக்கே அடக்கம் பண்ணிட்டு வந்துட்டோமே" என்று எழுதியிருந்தான். குழுவில் உள்ள புதியவர்களுக்குப் புரியவில்லை. "சண்முகம் அண்ணன்கிட்ட டைரி இருக்கு, கேளுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரமக்குடிப் பக்கம். துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி டைம் கீப்பராகத் தொடங்கினேன். அங்கே நான் நன்றாகக் கற்றுக்கொண்டது நேராகக் கோடு போடுவது. பிறகு வளைகுடாவிலேயே இன்னொரு நாட்டில், சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஒரு யார்டில் டாகுமெண்ட் கண்ட்ரோலர். ஆலைகளுக்கான குழாய்களை வெட்டி, வெல்டிங் செய்து, சோதித்து அனுப்பும் இடம் அது. சோதனைக் காகிதங்களை எண் போட்டு அடுக்கிவைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது என் வேலை. கேட்காதபோதும் எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் சைட் மேனேஜர் டங்கன். ஸ்காட்லாந்துக்காரர். வெயிலில் சிவந்து, சிவந்த இடம் உரிந்து, உரிந்த இடம் மறுபடியும் சிவக்கும் மனிதர். குரலை உயர்த்த மாட்டார். எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். நான் பின் போட்ட மூலை கோணலாக இருந்தால் பின்னைக் கழற்றி, நேராகப் போட்டு, பிறகு படிப்பார். இப்படி ஒரு மேலதிகாரி கிடைத்தது என் பாக்கியம் என்று நான் நினைத்தேன். என்னைப்போல் ஒரு ஆள் கிடைத்ததைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று கேட்கத் துணிந்ததில்லை.

அவருடைய உண்மையான குணம் குழாய்களுக்குத் தண்ணீர்ச் சோதனை வைக்கும்போது தெரியும். குழாயின் எல்லா வாயையும் அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, காற்று வெளியேறும்வரை பொறுத்திருந்து, பிறகு பம்ப்பால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். குறிப்பிட்ட நேரம் கேஜின் முள் அசையாமல் நின்றால் வெற்றி. முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. மற்ற மேனேஜர்கள் அந்த இடத்தில் கத்துவார்கள். டங்கன் அழுத்தத்தை இறக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, குழாய் நெடுக மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போவார். கையில் ஈரம் பட்டதும் நின்று சாக்பீஸால் வட்டம் போடுவார். சரிசெய்து முடித்ததும், "ரைட். அகெய்ன்" என்பார். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் பம்ப்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு காரியம் செய்தேன். சோதனையில் தோற்ற குழாய்களுக்கெல்லாம் அடையாளமாகச் சிவப்பு டேக் கட்டினேன். தோல்வி என்றால் சிவப்பு, இதில் என்ன சந்தேகம்? மறுநாள் டங்கன் ஒவ்வொரு குழாயாகக் குனிந்து, என் டேக்குகளை வெட்டி எடுத்து, கொத்தாக என் மேஜையில் வைத்தார். சிவப்பு என்றால் ஸ்கிராப், உடைத்துப் போடுவதற்கு. கசிகிற குழாய்க்கு மஞ்சள்: மறு சோதனை. "சிவப்பு டேக்கை நான் மட்டும்தான் கட்டுவேன், ஷான்" என்றார். சண்முகத்தில் அவர் வாயில் நுழைந்தது அவ்வளவுதான்.

அந்த வருடம் அவருடைய ஊரில் வாக்கெடுப்பு. ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா, வேண்டாமா? டங்கன் 'வேண்டும்' கட்சி. ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்பது அவரே போட்ட விதி. அதனால் தேநீர்க் குவளையில் 'ஆம்' என்ற நீல ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார். வேலை முடிந்ததும் கேபினில் உட்கார்ந்து ஊரிலுள்ள பழைய நண்பர்கள், பள்ளித் தோழர்கள், மச்சினன் என்று ஒவ்வொருவரையும் போனில் பிடித்துப் பேசுவார். அவருக்கு அதில் ஓட்டே கிடையாது. ஸ்காட்லாந்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் ஓட்டு.

எங்கள் ஆட்களுக்கு இது தாங்கவில்லை. பளு தூக்கும் குழுவின் ஃபோர்மேன் முத்தையா முதுகுளத்தூர்க்காரர். "ஓட்டே இல்லாத மனுசனுக்கு எதுக்குண்ணே இம்புட்டு வேகம்?" என்றார்.

"ஏன், ஒங்களுக்கு இங்க இருந்து ஓட்டு இருக்காக்கும்?" என்றான் வெல்டர் செல்வம். "எலெக்‌ஷன் ரிசல்ட் அன்னைக்கு டூட்டிக்கு லீவு போட்டுட்டு டீவி முன்னாடி கெடந்தது யாரு?"

"அது நம்ம ஊருடா."

"இது அவரு ஊரு."

அன்று முதல் முத்தையாவும் 'வேண்டும்' கட்சி. வாக்குச்சாவடிக்கு வெளியே பந்தல் போட்டு மோர் கொடுக்கச் சொல்லும்படி டங்கனுக்கு யோசனை சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அங்கே மோருக்கு ஏற்ற வெயில் இல்லை என்று டங்கன் வருத்தத்தோடு பதில் சொன்னார்.

வியாழக்கிழமை அங்கே வாக்குப்பதிவு. அதே வியாழன் எங்கள் யார்டில் ஒரு பெரிய குழாய் சோதனையில் தோற்றது. டங்கன் ஈரத்தைத் தேடி, ஒரு மூட்டின் மேல் வட்டம் போட்டு, அதிலுள்ள கேஸ்கெட் வளையத்தை மாற்றி மஞ்சள் டேக் கட்டச் சொல்லிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே போனார்.

வெள்ளி காலை முடிவு வந்தது. எங்கள் கேம்ப் கேட்டுக்கு வெளியே காதர் பாயின் மளிகைக் கடை. கீழக்கரைக்காரர், சோஹாரில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். மதியம் நாங்கள் கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது டீவியில் பார்த்துவிட்டு, "தோத்துட்டாங்கப்பா ஒங்க மேனேஜரு ஆளுங்க" என்றார். டங்கன் வீட்டுக் கதவு காலையிலிருந்து திறக்கவில்லை என்று அங்குள்ள காவலாளி சொன்னதாகவும் சொன்னார்.

முத்தையா எழுந்துவிட்டார். "எங்கப்பா செத்தப்ப, மனுசன் கார் பானட்டு மேல வச்சு லீவு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அன்னைக்கு ராத்திரியே ஃப்ளைட் ஏறுனேன். இன்னைக்கு அவரு வீட்ல இப்படி ஆகிப்போச்சு. நாம போய் ஒரு துக்கம் கேக்காம இருந்தா நல்லாருக்குமாண்ணே?"

இந்த இடத்தில் அறிவுள்ள ஒருவன் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பான். நான் "அப்படியானால் முறைப்படி செய்ய வேண்டும்" என்றேன். செய்முறை எழுதுவதுதானே என் தொழில்? துக்கத்துக்கும் ஒன்று வகுத்தேன். எல்லோரும் வெள்ளைச் சட்டை. செருப்பு வாசலுக்கு வெளியே. தரையில்தான் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி இரண்டு கையையும் நீட்ட வேண்டும், துக்க வீட்டுக்காரர் தொட்டுக்கொள்வார். நாமாகப் பேச்சைத் தொடங்கக்கூடாது. கிளம்பும்போது போய்வருகிறோம் என்று சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. துக்க வீட்டில் டீ கொடுப்பதெல்லாம் இப்போது ஊரில் சாதாரணம். ஆனால் என் அப்பா காலத்து முறைப்படி பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்று விதித்தேன். "அண்ணனுக்குத் தெரியாததே இல்ல" என்றான் செல்வம். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, வழியில் டங்கன் வீட்டருகே இறங்கினோம். ஒன்பது பேர். முகப்புத் தளத்தில் வரிசையாக உட்கார்ந்தோம்.

டங்கன் அரைக்கால் சட்டையில், சவரம் செய்யாத முகத்தோடு, அந்தக் குவளையைப் பிடித்தபடி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முத்தையா எழுந்து போய் இரண்டு கையையும் நீட்டினார். டங்கன் அந்தக் கைகளைப் பார்த்தார். கம்பி வடம் கிழித்த கோடுகள். இரண்டு மாதமாக யார்டில் கையுறை தீர்ந்து போயிருந்தது. ரூவியில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு அவரும் எழுதி எழுதி ஓய்ந்திருந்தார்.

"க்ளவ்ஸா?" என்று கேட்டார்.

பேசக்கூடாதே. முத்தையா துக்கத்தோடு தலையை அசைத்தார். அடுத்தவர் எழுந்து கைகளை நீட்டினார். அதற்கு அடுத்தவர். ஒன்பது ஜோடி வெறுங்கைகள். டங்கனின் முகம் மாறிக்கொண்டே போனது. எங்கள் அன்பு அவரை உருக்குகிறது என்று நினைத்தேன்.

நாற்காலி கொண்டுவந்து போட்டார், யாரும் உட்காரவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்; யாரும் தொடவில்லை. "ஷான், ஏதாவது பிரச்சினையா?" என்றார். அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளான நான், என் விதிப்படி தலையைக் குனிந்துகொண்டேன். டீ ஆறி மேலே ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தோம். பிறகு முத்தையா எழுந்தார், எல்லோரும் எழுந்தோம், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தோம். டங்கன் பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். ஒருவரும் திரும்பவில்லை. இவ்வளவு ஒழுங்காக என் செய்முறை எதுவும் யார்டில் பின்பற்றப்பட்டதில்லை.

"நல்லபடியா முடிஞ்சதுண்ணே" என்றார் முத்தையா.

காதர் பாய் கடைக்கு வந்து சேருமுன் கேம்ப் பாஸின் போன் வந்துவிட்டது. கேம்ப்பில் தங்கியிருக்கும் அத்தனை பேருக்கும் அவர்தான் பொறுப்பு. "நவ் ஆத்மி, நாம் தோ, ஜல்தி!" என்றார் இந்தியில். ஒன்பது பேரின் பெயரும் அடையாள அட்டையும் காலை டூட்டி தொடங்குமுன் அவருக்கு வேண்டும். ஹர்த்தால் என்ற சொல்லையும் சொன்னார்.

என் முகத்தைப் பார்த்த காதர் பாய் விவரம் கேட்டார். சொன்னேன். அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். "ஒன்பது தொழிலாளி, மேனேஜரு வூட்டு வாசல்ல, வாயத் தொறக்காம, டீயத் தொடாம, வெறுங்கையக் காட்டிட்டு ஒக்காந்தீங்க. அதுக்கு இந்த ஊர்ல என்ன பேருன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"ஆறுதல் சொல்லப் போனது ஒரு குத்தமா பாய்?" என்றார் முத்தையா.

"ஆறுதல் சொன்னீங்களா? ஒத்த வார்த்தையாச்சும் சொன்னீங்களாய்யா?"

முத்தையா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வேலைநிறுத்தம் என்று பெயர் வந்துவிட்டால் அங்கே விசாரணை நீளாது. முந்தைய வருடம் பக்கத்து யார்டில் இப்படி உட்கார்ந்தவர்கள் அடுத்த வாரமே விமானத்தில் இருந்தார்கள். விசாவுக்குக் கேன்சல் என்ற ஒரே சொல். முத்தையாவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்துவிட்டார்.

காதர் பாய் தன் பிக்கப்பில் என்னை டங்கன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். முகப்பில் ஒன்பது டீயும் அப்படியே இருந்தது.

"இப்போது பேசலாமா, ஷான்?" என்றார் டங்கன்.

"சார், எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், நாங்கள் போய்…" என்று தொடங்கி முழுச் செய்முறையையும் சொன்னேன். செருப்பிலிருந்து திரும்பிப் பார்க்காததுவரை. அவர் குறுக்கிடவில்லை. எதையும் கடைசி வரிவரை படிப்பவர் அல்லவா?

"சரி. யார் செத்தது?"

"ஸ்காட்லாந்து, சார்."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன.

"நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் வேண்டும் என்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து பேர் வேண்டாம் என்றார்கள். தோற்றுவிட்டோம். உன் யார்டில் இதற்கு என்ன டேக்?"

"மஞ்சள், சார்."

"நீ எதைக் கட்டிவிட்டுப் போனாய்?"

குழாய்க்குத் தப்பாகச் சிவப்பு டேக் கட்டி, அதற்காகப் பேச்சும் கேட்ட அதே ஆள் நான், வருடங்கள் கழித்து ஒரு நாட்டுக்கே கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அவருடைய ஊர் நண்பர் காலையில் போனில் அழுதாராம். அழுது முடித்ததும், செவ்வாய்க்கிழமை 'வேண்டும்' கட்சிக் கூட்டத்துக்கு நூலக அறை காலியா என்று விசாரித்தாராம்.

"அதற்குள் கூட்டமா சார்?"

"வேறு எப்போது?" என்றார்.

கேம்ப் பாஸ் பெயர் கேட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். நாங்கள் போனதும் பதறிப்போய், கேம்ப்பில் ஏதாவது பிரச்சினையா என்று கேம்ப் பாஸிடம் விசாரித்தது அவர்தான். "நெருப்பை நான் பற்றவைத்துவிட்டேன். காலையில் பார்க்கலாம்" என்றார். அதற்கு மேல் உறுதி எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது வேண்டுமென்றே "போய்வருகிறேன் சார்" என்று உரக்கச் சொன்னேன்.

இதில் ஒரு கிளைக்கதை. கேம்ப் பாஸ் பீதியில் அன்றே ரூவிக்கும் போன் செய்து, கையுறை இல்லாத வெறுங்கைகளைப் பற்றிச் சொல்லியிருந்ததால், திங்கட்கிழமை அங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கையுறை வந்து இறங்கியது. எங்கள் வாழ்நாளில் நடத்திய ஒரே வேலைநிறுத்தத்தை, வேலைநிறுத்தம் என்று தெரியாமலே நடத்தி, வெற்றியும் பெற்றோம். ஆனால் திங்கட்கிழமை வரப்போவது வெள்ளி இரவு எங்களுக்குத் தெரியாது. ஒன்பது பேரும் அடையாள அட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தோம்.

சனிக்கிழமை விடியும்போது யார்டில், மஞ்சள் டேக் கட்டிய அந்தக் குழாயருகே வரிசையாக நின்றோம். கேம்ப் பாஸ் ஏற்கெனவே வந்திருந்தார். அட்டைகளை என்னிடம் கேட்டுக் கை நீட்டினார். நான் சட்டைப்பையில் கைவிட்டேன்.

அப்போது டங்கன் கேபினிலிருந்து வெளியே வந்தார். சவரம் செய்திருந்தார். ஒரு கையில் பெரிய கெட்டில், மறு கையில் காகிதக் கோப்பைகள். பம்ப்பின் மேல்மூடியில் கோப்பைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக ஊற்றினார்.

"நேற்று இவர்களை வீட்டுக்கு டீக்கு அழைத்திருந்தேன்" என்றார், கேம்ப் பாஸிடம். "குடிக்காமல் போய்விட்டார்கள்."

"சார் அழைத்தீர்களா?"

"ஆமாம். கூச்சப்பட்டார்கள். இப்போது குடிப்பார்கள்." என் பக்கம் திரும்பினார். "ஷான், யாரும் சாகவில்லை என்று இவர்களிடம் சொல்."

சொன்னேன். முத்தையா என்னைப் பார்த்தார், டங்கனைப் பார்த்தார், முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார். டங்கன் அதில் கோப்பையை வைத்தார். அடுத்தவர் நீட்டினார். ஒன்பது பேருக்கும் கொடுத்த பிறகு பத்தாவதைக் கேம்ப் பாஸ் கையில் திணித்தார். மேனேஜர் கையால் கொடுத்த டீயை அவரும் மறுக்க முடியவில்லை. சர்க்கரை கிடையாது. பால் பெயருக்கு. கஷாயம் மாதிரி கறுத்திருந்தது. கேம்ப் பாஸ் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, முடிந்தது என்ற அர்த்தத்தில் "கலாஸ், கலாஸ்" என்று சொல்லிக்கொண்டே தன் வண்டிக்குப் போனார். அட்டைகளை மறுபடி கேட்கவில்லை.

முத்தையா கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார். "இதுக்குத் துக்கமே தேவலாம்ணே" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் டங்கன்.

"நல்ல டீ என்கிறார், சார்."

டங்கன் தலையாட்டினார். தன் குவளையை, அந்த நீல ஸ்டிக்கரோடு, பம்ப்பின் மேல் வைத்தார். கேஜின் கண்ணாடியைக் கட்டை விரலால் துடைத்தார்.

"ரைட்" என்றார். "அகெய்ன்."

செல்வம் பம்ப்பைப் போட்டான்.